ஆற்றுப்படையும் பட்டமளிப்புரையும்: ஆடை வடிவமைப்புக் கல்லூரி மேடையுரைகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பட்டமளிப்பு விழாவில் ஆற்றப்பெறும் உரையை நாம் பெரும்பாலும் சடங்குரை என்று கருதி விட்டுவிடுகின்றோம். விழா முடிந்து மேலங்கிகளைத் திருப்பித் தந்தவுடன் அவ்வுரையும் மறக்கப்பட்டுவிடுகின்றது. ஆயினும் ஒரு துறை தன் அடுத்த தலைமுறையிடம் தன்னைப் பற்றி எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்பதை அறிய இவ்வுரை தக்கதொரு சான்றாகும். ஆடை வடிவமைப்புக் கல்லூரியின் மேடையில் அத்துறையின் முன்னணியாளர் ஒருவர் பேசும்போது இச்சான்று மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. அவர் அறிவுரை கூறுபவர். அதே வேளையில், எதிரே அமர்ந்திருக்கும் மாணவருக்கு நாளை வேலை தரக்கூடியவரும், அவர்தம் படைப்பை ஏற்கவோ மறுக்கவோ வல்லவரும் அவரே.

இத்தகைய உரைகளை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா. சொல்வளம், நகைச்சுவை, கைதட்டல் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுதல் எளிது. ஆனால் அது போதாது. வெற்றி பெற்ற ஒருவர் வெற்றியை நாடிச் செல்லும் மற்றொருவருக்கு வழி காட்டுதல் என்னும் சூழல் தமிழுக்குப் புதியதன்று. அதற்கெனத் தனியொரு இலக்கிய வகைமையே நம்மிடம் உண்டு. ஆற்றுப்படையின் கூறுகளை அளவுகோலாகக் கொண்டு இம்மேடையுரைகளை நோக்குவது பொருந்தும் என்று நாம் கருதுகின்றோம். இவ்வாய்வுக்குச் சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தைக் களமாகக் கொள்கின்றோம். அதற்குரிய காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

காத்தோங்கும் கலைக்கல்லூரியும்

இன்று லாசால் கலைக்கல்லூரி என்று அறியப்படும் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் செயிண்ட் பேட்ரிக்ஸ் கலை மையம் என்னும் பெயரில் தொடங்கப்பெற்றது. இதனைத் தோற்றுவித்தவர் அயர்லாந்தில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகனான சிற்பி, அருட்சகோதரர் ஜோசப் மெக்நெலி. இவர் காத்தோங்கில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள செயிண்ட் பேட்ரிக்ஸ் பள்ளியின் முன்னாள் முதல்வர் ஆவார். மையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, 1990களின் தொடக்கத்தில் குட்மன் சாலை வளாகத்திற்கு வந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் நிதியுதவியைப் பெற்றபின் அந்நிறுவனத்தின் பெயரையும் தன் பெயரோடு இணைத்துச் சில ஆண்டுகள் தாங்கிநின்றது. 2007ஆம் ஆண்டில் ரோச்சோர் பகுதியிலுள்ள புதிய வளாகத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள தெருவுக்கு, 2002ஆம் ஆண்டில் மறைந்த மெக்நெலியின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

இக்கல்லூரியின் மாணவர் சில காலம் இலண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி வழங்கிய பட்டத்தைப் பெற்றுவந்தனர். 2024ஆம் ஆண்டில் லாசாலும், 1938ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்து சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கலைக்கல்விக்குரிய பட்டத்தை உள்நாட்டிலேயே வழங்கும் நிலை இதனால் ஏற்பட்டது. பட்டம் நம்முடையதாகிவிட்ட நிலையில், பட்டமளிக்கும் மேடையில் ஒலிக்கும் சொல்லும் நம்முடையதாக இருக்கின்றதா என்று வினவுவதற்கு இது தக்க தருணமாகும்.

காத்தோங் வேறொரு வகையிலும் நம் பொருளுக்கு உரியது. பெரனாக்கான் மக்களின் ஆடை மரபு இன்றளவும் நிலைத்திருக்கும் வட்டாரம் அது. சரோங், கெபாயா, மணிகள் கோத்துத் தைத்த காலணி ஆகியவற்றை அங்குள்ள கடைவீடுகளில் காணலாம். 1968ஆம் ஆண்டில், அன்றைய மலேசிய – சிங்கப்பூர் விமான நிறுவனத்திற்காகப் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் பால்மேன் சரோங் கெபாயாவைப் பணிப்பெண்களின் சீருடையாக வடிவமைத்தார். 1972ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பிரிந்தபின் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அச்சீருடையைத் தொடர்ந்து பயன்படுத்தி உலகறியச் செய்தது. ஆடையியல் வரலாற்றில் பால்மேனின் பெயர் நிலைபெற்றுள்ளது. அவர் எடுத்துக்கொண்ட கெபாயாவைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியும் தைத்தும் பூவேலை செய்தும் வளர்த்த பெண்களின் பெயர்கள் அவ்வரலாற்றில் இல்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கூட்டு முயற்சியால் கெபாயா யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஓர் ஆடையைப் பொறுத்தவரை யாருடைய பெயர் சொல்லப்படுகின்றது, யாருடைய பெயர் விடப்படுகின்றது என்னும் சிக்கலை இவ்வாறு காத்தோங்கே நமக்கு எடுத்துக்காட்டுகின்றது.

ஆற்றுப்படையின் மூன்று கூறுகள்

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனைக் கண்டு, தான் பெற்ற வளத்தை அவனும் பெறுமாறு வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது இதன் இலக்கணம். தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்போரை இதற்குரியவராகக் கூறுகின்றது. இவ்வகைமையில் நம் ஆய்வுக்குப் பயன்படும் கூறுகள் மூன்று.

முதலாவது, கூறுவோனின் நிலை. ஆற்றுப்படுத்துவோன் வள்ளல் அல்லன். நேற்றுவரை கேட்போனைப் போலவே பசித்திருந்தவன். பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் கண்ட பொருநன் தன் பழைய நிலையை மறைப்பதில்லை. ஈரும் பேனும் குடியேறிய, வியர்வையில் நனைந்த, வேற்று நூலால் ஒட்டுத்தையல் போட்ட கந்தலைத் தான் உடுத்திருந்ததை அவனே சொல்கின்றான். அதனைக் களைந்து, பாம்பின் உரியை ஒத்த, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஆடையை மன்னன் அளித்ததைப் பிறகு சொல்கின்றான். சிறுபாணாற்றுப்படை வள்ளல் தரும் ஆடைக்கு மூங்கிலின் உட்பட்டையையும், பெரும்பாணாற்றுப்படை ஆவியையும் உவமையாக்குகின்றன. ஆடை மாறுவதே இந்நூல்களில் வாழ்வு மாறுவதன் அடையாளமாக நிற்கின்றது. ஆடைத் துறையின் மேடையுரைக்கு இவ்வகைமையை ஒப்பிடுதல் வலிந்து கூறுவதாகாது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, வழியின் விளக்கம். இதில் மலைபடுகடாம் தலைசிறந்தது. நன்னனின் நாட்டுக்குச் செல்லும் மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்புகள் உறையும் பள்ளங்கள் எவை, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கத்திலிருந்து வரும், வழுக்கும் இடத்தில் எதனைப் பற்றி நடக்கவேண்டும் என்று பெருங்கௌசிகனார் ஒவ்வொன்றாக அறிவுறுத்துகின்றார். பரிசிலின் பெருமையை மட்டும் கூறி வழியின் இடரை மறைத்திருந்தால் அந்நூல் கூத்தரை ஏமாற்றியதாகும்.

மூன்றாவது, வழியில் விருந்தளிப்போர். சிறுபாணாற்றுப்படையில் பாணன் நல்லியக்கோடனை அடையுமுன் நெய்தல்நிலத்துப் பரதவரும், வேலூரின் எயினரும், ஆமூரின் உழவரும் அவனுக்கு உணவளிக்கின்றனர். அவர்கள் தரும் உணவு இன்னது என்பதும் தனித்தனியே கூறப்பெறுகின்றது. வள்ளலின் அரண்மனை வாயிலுக்குக் கலைஞனைக் கொண்டுசேர்ப்பது இவ்வெளிய மக்களின் சோறே என்பதைப் புலவர் மறைப்பதில்லை.

கூறுவோனின் நேர்மை, வழியின் உண்மை, விருந்தளித்தோருக்குரிய இடம் ஆகிய இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு மேடையுரைகளை நோக்குவோம்.

மேடையுரையின் வாய்பாடு

இன்றைய பட்டமளிப்புரைக்கு உலகளாவிய ஒரு வாய்பாடு உருவாகியுள்ளது. 2005ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் வாழ்விலிருந்து மூன்று கதைகளைக் கூறி ஆற்றிய உரை, பலரும் பின்பற்றும் முன்மாதிரியாகிவிட்டது. தம் தோல்வி ஒன்றைச் சொல்லுதல், அத்தோல்வியே வெற்றிக்கு வித்தானதாகக் காட்டுதல், மாணவரைத் தம் உள்ளத்தின் குரலைக் கேட்குமாறு ஏவுதல் என்பது அதன் அமைப்பு. ஆடைத் துறைத் தலைவர்கள் பேசும்போது இதனோடு தனித்தன்மை, அடையாளம், துணிவு ஆகிய சொற்களும், அண்மைக் காலமாக நீடித்த நிலைத்தன்மை என்னும் சொல்லும் சேர்ந்துகொள்கின்றன.

இவ்வாய்பாட்டில் முதற்கூறு இருப்பதுபோலத் தோன்றும். பேசுபவர் தம் பழைய வறுமையையும் நிராகரிப்பையும் சொல்கின்றார் அல்லவா எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொருநன் தன் கந்தலைச் சொல்லும்போது அதனை நீக்கியவன் வேறொருவன் என்றும் சொல்கின்றான். மேடைத் தலைவரோ தம் கந்தலைத் தாமே நீக்கிக்கொண்டவராகப் பேசுகின்றார். பாணனின் உடையை அணிந்துகொண்டு வள்ளல் பேசுவதை ஒத்தது இது. ஆற்றுப்படையில் கூறுவோன், கேட்போன், வள்ளல் என மூவர் உளர். மேடையுரையில் கூறுவோனும் வள்ளலும் ஒருவராகிவிடுகின்றனர். அதனால் வள்ளலைப் பற்றி, அஃதாவது துறையைப் பற்றி, வெளியிலிருந்து உண்மை சொல்லும் குரல் இல்லாமற்போகின்றது.

துறையே கல்லூரியை நடத்தும் இடங்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. பின்னலாடை நகரான திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் 1997ஆம் ஆண்டில் நிஃப்ட்–டீ பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரி தொடங்கப்பெற்றது. தொழிலுக்கு வேண்டிய திறனைத் தொழில் நடக்கும் ஊரிலேயே கற்பிப்பது பெரும்பயன் தருவது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிறுவுநரும், பணியளிப்போரும், மேடையில் வாழ்த்துவோரும் ஒரே வட்டத்தினர் ஆகும்போது, வழியின் பொறிகளை மாணவருக்குச் சுட்டிக்காட்டும் பொறுப்பு ஆசிரியரையே சாரும்.

இரண்டு உரைகள்

வடிவமைப்பு மாணவர் முன்னும் இளையோர் முன்னும் ஆடைத் துறையினர் ஆற்றிய உரைகளுள் பரவலாக அறியப்பட்ட இரண்டினை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். இவை பட்டமளிப்பு விழாவில் நிகழ்ந்தவை அல்ல. எனினும் வெற்றி பெற்றவர் வழிநடப்போரிடம் பேசுதல் என்னும் சூழல் இரண்டிலும் உண்டு. பொதுவெளியில் விவாதிக்கப்பட்டவை என்பதால் மதிப்பிடவும் இயலும்.

முதலாவது, 2017ஆம் ஆண்டு அக்டோபரில் ஹார்வர்டு வடிவமைப்புக் கல்லூரியில் வெர்ஜில் அப்லோ ஆற்றியது. கட்டுமானப் பொறியியலும் கட்டடக்கலையும் பயின்று ஆடைத் துறைக்கு வந்தவர் அவர். 2018ஆம் ஆண்டில் லூயி வித்தான் நிறுவனத்தின் ஆண்கள் ஆடைப் பிரிவுக்குப் படைப்பியக்குநரானார். 2021ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வுரை பின்னர்ச் சிறுநூலாகவும் வெளிவந்தது. தம் வடிவமைப்பு மொழி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அவர் அவ்வுரையில் விதிகளாகப் பகுத்துக் காட்டினார். ஏற்கெனவே உள்ள ஒரு பொருளை 3 விழுக்காடு மட்டும் மாற்றி அதனைப் புதிதாகக் காணச் செய்தல் அவ்விதிகளுள் ஒன்று. துறையறிந்தவரோடும் துறைக்குப் புதியவரோடும் ஒருசேரப் பேசும் வகையில் படைத்தல் மற்றொன்று. மார்செல் துஷாம்ப் போன்ற முன்னோடிகளிடமிருந்து தாம் பெற்றதையும் அவர் மறைக்கவில்லை.

நம் அளவுகோலின்படி இவ்வுரை இரண்டாங்கூற்றில் சிறக்கின்றது. கனவைப் பின்பற்றுக என்று கூறி நிறுத்தாமல், கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவிகளை அது தருகின்றது. கவர்வழி வந்தால் எப்பக்கம் திரும்புவது என்பதற்கு விடை உள்ளது. கடன்வாங்கியதைக் கடன் என்று ஒப்புக்கொள்வதால் முதற்கூற்றின் நேர்மையும் ஓரளவு அமைகின்றது. எனினும் அவ்வுரையின் அழுத்தம் முழுவதும் கருத்தாக்கத்தின்மேல் உள்ளது. அந்த 3 விழுக்காட்டு மாற்றத்தைத் துணியில் செய்து முடிக்கும் கைகளுக்கு அதில் உரிய இடமில்லை. மூன்றாங்கூறு வெற்றிடமாகவே நிற்கின்றது.

இரண்டாவது, 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹார்வர்டில் நடைபெற்ற இந்திய மாநாட்டில் சப்யசாச்சி முகர்ஜி கூறிய கருத்து. தேசிய ஆடையலங்காரத் தொழில்நுட்பக் கழகத்தின் கொல்கத்தா வளாகத்தில் பயின்று, 1999ஆம் ஆண்டில் தம் பெயரில் நிறுவனம் தொடங்கியவர் அவர். இளம்பெண்கள் சேலை உடுத்துவது பற்றிய வினாவுக்கு விடையளிக்கையில், சேலை கட்டத் தெரியாது என்று கூறுவது வெட்கத்திற்குரியது என்னும் பொருள்படப் பேசினார். கடும் எதிர்ப்பு எழுந்தது. அவரும் தாம் பயன்படுத்திய சொல் தவறானது என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கைத்தறிக்கும் பூவேலைக்கும் புதுவாழ்வு தேடியவர் என்னும் சிறப்பு அவருக்கு உண்டு. அதனை மறுப்பது நம் நோக்கமன்று. அவ்வுரை எவ்விடத்தில் தடம் புரண்டது என்பதே நாம் காணவேண்டியது.

வழிகாட்ட வந்தவர் வாயிற்காவலராக மாறிய இடமே அது. ஆற்றுப்படையில் கந்தலோடு வரும் பாணனைப் பார்த்து, நல்லுடை உடுத்தத் தெரியாதா என்று எவரும் கேட்பதில்லை. கந்தல் அவன் குற்றமன்று என்பதை அவ்வகைமை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுள்ளது. மேலும், சேலை என்பது ஒரே வகையாக என்றும் இருந்ததுமன்று. இன்று பொதுவாகக் காணப்படும் கட்டுமுறை பரவியதில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாகூர் குடும்பத்து ஞானதாநந்தினி தேவிக்கு முக்கியப் பங்கு உண்டு. தமிழகத்திலேயே மடிசார் வேறு, பின்கொசுவம் வேறு.

காத்தோங்கை நினைவில் வைத்து நோக்கினால் இக்கருத்தின் குறை மேலும் தெளிவாகின்றது. மலாக்கா செட்டிகள் தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். சைவ நெறியில் நிற்பவர்கள். மலாயைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்தம் பெண்டிர் சரோங்கும் கெபாயாவும் உடுத்தும் மரபினர். 2018ஆம் ஆண்டில் கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையம் இச்சமூகத்தினர் குறித்துக் கண்காட்சி நடத்தியபோது, தமிழ் மரபின் உடை எது என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை என்பது தெளிவாயிற்று. தாய்வழிச் சீனப் பெயரையும் தந்தைவழித் தமிழ்ப் பெயரையும் இணைத்து ஓங் சண்முகம் என்னும் ஆடை நிறுவனத்தைச் சிங்கப்பூரில் தோற்றுவித்த பிரிசில்லா சண்முகத்தின் பணியும் இங்கு எண்ணத்தக்கது. சியோங்சாமின் வெட்டுமுறையும் பிறநாட்டுத் துணிகளும் அவர் ஆடைகளில் ஒன்றாகின்றன. இத்தகைய மரபுகளின் நடுவே வளரும் மாணவரிடம் வெட்கம் என்னும் சொல்லைப் பயன்படுத்தும் உரை, அவருடைய வழியையே அறியாத உரையாகும்.

விருந்தளித்தோர் எங்கே?

இவ்விரு உரைகளைக் கடந்து, பொதுவாக மேடையுரைகள் அனைத்திலும் நலிந்து காணப்படுவது மூன்றாங்கூறு. பண்டைத் தமிழ் நூல்கள் ஆடையைப் போற்றியதோடு அதனை ஆக்குவோரையும் கண்டன. பருத்திநூல் நூற்கும் பெண்ணைப் புறநானூறு காட்டுகின்றது. அவள் சிறு விளக்கொளியில் இரவிலும் இருந்து உழைத்தவள் என்பதும் அந்நூலால் அறியப்படும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்தை வருணிக்கும்போது, நுண்ணிய நெசவுத்தொழில் வல்ல காருகரின் குடியிருப்பையும், துணி தைக்கும் துன்னகாரரையும் குறிப்பிடத் தவறவில்லை. நகரின் பெருமையைப் பேசும் இடத்திலேயே தையற்காரருக்கும் இடமிருந்தது.

இன்றைய மேடைக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத்தின் சவார் நகரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மேலைநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்த தொழிலாளர் அவர்கள். தமிழகத்தில், திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்க்கு நேர்ந்த கொடுமையைத் தொடர்ந்து, 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும், ஏற்றுமதி நிறுவனமும், பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் பணியிடத்தில் பாலியல் கொடுமையைத் தடுப்பதற்குத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்ட உடன்பாடு அது. வடிவமைப்பாளர் வரையும் ஒரு கோடு, குறிக்கும் ஒரு கெடுநாள், குறைக்கும் ஒரு விலை ஆகியவை தையல்மேசையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் வேலைநேரமாக மாறுகின்றன. பட்டம்பெறும் மாணவர் அறியவேண்டிய மலைவழிப் பொறிகளுள் இது முதன்மையானது. இங்கே பொறியில் சிக்குவது பெரும்பாலும் அவர் அல்லர். அவர் வைத்த பொறியில் பிறர் சிக்கலாம். ஆதலின் இதனைச் சொல்லவேண்டிய கடமை இருமடங்காகின்றது.

சிங்கப்பூரிலும் ஒருகாலத்தில் ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். கூலியும் நிலமதிப்பும் உயர்ந்தபோது தையல் பிறநாடுகளுக்குச் சென்றது. வடிவமைப்பும் விற்பனையும் இங்குத் தங்கின. இதன் விளைவாக, இங்கே பட்டம்பெறும் மாணவர் தாம் வரைந்த ஆடையைத் தைப்பவரைக் காணாமலேயே பணியாற்றும் நிலை எளிதில் ஏற்படுகின்றது. ஆயினும் காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. காத்தோங்கிலிருந்து பெயர்ந்த கல்லூரி, இன்று லிட்டில் இந்தியாவை ஒட்டியே நிற்கின்றது. நடந்து செல்லும் தொலைவிலுள்ள தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் துணிக்கடைகளும் தையற்காரர்களும் உள்ளனர். ரவிக்கைக்கு அளவெடுப்பது, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, காஜா எடுப்பது, ஓரம் அடிப்பது என்று அங்கு நாள்முழுதும் நடக்கும் வேலைகள், கல்லூரியில் பெரிய பெயர்களோடு கற்பிக்கப்படும் நுட்பங்களின் உடன்பிறப்புகளே. மேடையில் பேசும் தலைவர் பாரிசையும் மிலானையும் குறிப்பிடும் அளவுக்கு இத்தளத்தைக் குறிப்பிடுவாராயின், மாணவர் தம் துறையைப் பற்றிக் கொள்ளும் எண்ணமே மாறும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

ஆற்றுப்படையை இவ்வாறு அறத்தின் அளவுகோலாக்குதல் பொருந்துமா என்று கேட்கலாம். அதுவும் வள்ளலைப் புகழ எழுந்த இலக்கியமே. பாணனின் வாய்ச்சொல்லாக வருவது புலவன் பரிசில் கருதிப் பாடியதே என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. வீரயுகப் பாடல்களைப் பற்றிய க. கைலாசபதியின் 1968ஆம் ஆண்டு ஆய்வுநூலுக்குப் பிறகு, பாணர்க்கும் புரவலர்க்கும் இடையிலிருந்த உறவை மறந்து இப்பாடல்களை எவரும் படிக்க இயலாது. வள்ளலின் புகழே இவற்றின் இலக்கு என்பதை நாமும் ஏற்கின்றோம்.

ஆனால் நோக்கம் புகழ்ச்சியாக இருந்தும், வகைமையின் அமைப்பு புலவனை வேறொரு கடமைக்கு ஆளாக்குகின்றது. வழியைச் சொல்லாமல் ஆற்றுப்படை அமையாது. ஆதலின் அவன் நிலங்களையும் மக்களையும் உணவையும் இடரையும் சொல்லியே ஆகவேண்டும். மலைபடுகடாத்தில் நன்னனின் அவைக்குச் செல்லுமுன் நாம் கடக்கும் அடிகள் எத்தனை என்பதை எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். புகழ்ச்சிக்காக எழுந்த வகைமையே இத்தனை உண்மைகளைத் தாங்கவல்லது எனில், கல்விக்காக எழுந்த மேடையுரை அதனினும் குறைவாக உரைப்பதற்கு நியாயமில்லை.

மகிழ்ச்சிக்குரிய நாளில் இடர்களைப் பேசுதல் முறையா என்பது மற்றொரு மறுப்பு. நம் வகுப்பறை அனுபவத்தை இங்குக் கருதவேண்டும். கலைப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் தமிழ் மாணவர் பலர், வீட்டாரின் அச்சத்திற்கு விடைசொல்லியே கல்லூரிக்குள் நுழைகின்றனர். வேலை நிலைக்குமா, வருவாய் போதுமா என்ற வினாக்களை அவர்கள் முன்பே எதிர்கொண்டவர்கள். பட்டம்பெறும் நாளில் அவர்களிடம் கனவை மட்டும் பேசுவது அவர்தம் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ஊதியமின்றிப் பயிற்சிப்பணி செய்யக் கேட்கப்படும்போது என்ன கேட்கவேண்டும், தம் வடிவம் பிறர் பெயரில் வெளிவரும்போது எவ்வாறு உரிமை கோரவேண்டும், தாம் எடுத்துக்கொண்ட மரபுக்கு எவ்வாறு நன்றி கூறவேண்டும் என்று சொல்லும் உரை, அவர்களைச் சமமானவராக நடத்துகின்றது. வழுக்கும் இடத்தைச் சொல்வது பயணத்தைத் தடுப்பதற்கன்று.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், ஆடைத் துறைத் தலைவர்களின் மேடையுரைகள் முதற்கூற்றில் தடுமாறியும், இரண்டாங்கூற்றில் அரிதாகச் சிறந்தும், மூன்றாங்கூற்றில் பெரும்பாலும் மௌனம் காத்தும் அமைகின்றன என்பது பெறப்படும். இக்குறை பேசுவோரின் குணக்குறையினின்று எழுவதன்று. வள்ளலே பாணனாகவும் பேசநேரும் சூழலினின்று எழுவது. ஆதலின் திருத்தமும் சூழலிலேயே தொடங்கவேண்டும். பட்டமளிப்பு மேடையில் துறைத் தலைவரோடு, வெட்டுவோர், தைப்போர், நெய்வோர் ஆகியோருள் ஒருவரும் பேச அழைக்கப்பெறுதல் இயலாத செயலன்று. மூவரிடையே நிகழ்ந்த பண்டைய உரையாடல் அப்போது மீண்டும் மூவரிடையே நிகழும்.

தமிழாசிரியர்க்கும் இதில் பணியுண்டு. ஆற்றுப்படையைத் தேர்வுக்குரிய வகைமையாக மட்டும் கற்பிக்காமல், மாணவர் தாம் செல்லவிருக்கும் துறைக்கு ஒரு வழியுரை எழுதுமாறு பணிக்கலாம். அதற்காகத் தேக்காவின் தையற்காரரிடமோ காத்தோங்கில் கெபாயா தைப்பவரிடமோ சென்று, அத்தொழிலின் சொற்களையும் இடர்களையும் கேட்டறிந்து வரச்செய்யலாம். தையல்மேசையில் வழங்கும் தமிழும் அதனால் வகுப்பறைக்குள் வரும்.

மலைபடுகடாம் கூத்தருக்குக் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, கவர்வழிகளில் பின்வருவோர் திசை தவறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறு பணிப்பது. பரிசில் பெறுமுன்பே, வழியில் நடந்துகொண்டிருக்கும்போதே செய்யவேண்டிய கடமையாக அது கூறப்பெற்றுள்ளது. பட்டம்பெறும் மாணவரிடம் இக்கடமையை எடுத்துரைக்கும் உரையே நல்லுரை என்று நாம் மதிப்பிடுகின்றோம். அத்தகைய உரையைக் கேட்கும் உரிமை நம் மாணவர்க்கு உண்டு; அதனைக் கல்லூரிகளிடம் கோரும் பொறுப்பு நமக்கு உண்டு.